திருடனையும் பிடிக்கிறோம், கருத்தையும் பிடிக்கிறோம்: ஆங்கிலத்தில் எந்தச் சொல் எங்கே?

சொல்தேடி:

எல்லோருக்கும் வணக்கம். தமிழ்த் துப்பறியும் கதை ஒன்றை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். தமிழில் 'பிடி' என்ற ஒரே சொல் எல்லா வேலையும் செய்துவிடுகிறது. ஓடினவனை எட்டிப் பிடித்தான், போலீஸ் பிடித்தது, கோட்டையைப் பிடித்தார்கள், கடத்தல் சரக்கு பிடிபட்டது, அவள் சொன்னது பிடிபடவில்லை. ஆங்கிலத்தில் இதற்குக் கேட்ச், கேப்சர், சீஸ், அரெஸ்ட், அப்ரிஹெண்ட், டிடெய்ன், நாப் என்று வரிசை கட்டி நிற்கின்றன. அகராதியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் 'பிடி, கைப்பற்று' என்றே போட்டிருக்கிறது. ஒன்றை இன்னொன்றால் விளக்கிவிட்டு நழுவிவிடுகிறது.

என் கேள்வி இரண்டு. ஆளைப் பிடிக்கும்போது இவற்றுக்குள் உண்மையான வேறுபாடு என்ன? அடுத்தது, இவற்றில் சில மட்டும் ஏன் 'புரிந்துகொள்' என்ற பொருளிலும் வருகின்றன? கருத்தை அப்ரிஹெண்ட் செய்யலாம், கிராஸ்ப் செய்யலாம், கேட்ச்கூடச் செய்யலாம். அரெஸ்ட் செய்ய முடியாது. ஏன்?

வரைவாளர்:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். வழக்கு ஆவணங்களை மொழிபெயர்ப்பதே என் வேலை, இந்தச் சொற்களோடுதான் தினமும் பிழைப்பு.

அரெஸ்ட் என்பது சட்டம் செய்யும் காரியம். அதில் ஓட்டமும் இல்லை, மல்லுக்கட்டலும் இல்லை. அதிகாரம் உள்ள ஒருவர் 'நீ இனி உன் விருப்பப்படி போக முடியாது' என்று நிறுத்துவதுதான் அரெஸ்ட். கேட்ச் அப்படியல்ல. அதற்கு நகரும் பொருள் வேண்டும்: பந்து, பேருந்து, ஓடும் ஆள். தானே வந்து சரணடைந்தவனை அரெஸ்ட் செய்யலாம், கேட்ச் செய்ய முடியாது. தெருவில் போகிற ஒருவர் பிக்பாக்கெட்காரனைத் துரத்திப் பிடித்தால் அது கேட்ச். பின்னால் வரும் போலீஸ் செய்வது அரெஸ்ட். இந்த ஒரு சோதனையை வைத்தே உங்கள் கதையில் பாதி இடங்களைத் தீர்த்துவிடலாம்.

டிடெய்ன் என்றால் 'நிறுத்தி வைத்தல்'. விசாரிக்கும் நேரத்துக்கு மட்டும் ஒருவரைப் போகவிடாமல் வைப்பதும் அதுதான், அரெஸ்டுக்குப் பிறகு காவலில் வைப்பதும் அதுதான். ஆகவே 'டிடெய்ன்' என்று பார்த்த உடனே 'கைது' என்று எழுதிவிடாதீர்கள். அந்த வேறுபாட்டில்தான் ஒருவருடைய உரிமை இருக்கிறது. இதை நான் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. செய்திகளில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதும்போது, குற்றம் சாட்டப்படாத ஒருவர் ஊர் வாயில் குற்றவாளி ஆகிவிடுகிறார்.

கேப்சரில் எதிர்ப்பு இருக்கிறது. எதிரிப் படைவீரன், கோட்டை, காட்டு விலங்கு, தப்பியோடிய கைதி: அடங்காத ஒன்றை அடக்கிக் கைக்குள் கொண்டுவருவது. சதுரங்கத்தில் காயை வெட்டுவதும் கேப்சர்தான். சீஸ் திடீரென்று நடப்பது. போலீஸ் விஷயத்தில் அது பெரும்பாலும் பொருளுக்கு உரியது. போதைப்பொருளை சீஸ் செய்தார்கள், இருவரை அரெஸ்ட் செய்தார்கள் என்பதே ஒழுங்கான வாக்கியம். இருவரை சீஸ் செய்தார்கள் என்றால் இருவர் மேல் பாய்ந்து பிடித்தார்கள் என்றுதான் படும்.

நாப் பேச்சுவழக்கு. சின்னச் சொல் என்பதால் தலைப்புச் செய்திக்கு வசதி. தீர்ப்பில் எழுத மாட்டார்கள். அப்ரிஹெண்ட் அதற்கு நேர் எதிர்: அறிக்கை மொழி. நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்ளும் இடமும் அதுதான். அதை வேர்ச்சொல் தெரிந்தவர்கள் அவிழ்க்கட்டும்.

மழைக்காகம்:

அப்ரிஹென்ஷன் என்றால் பயம் என்றும் படித்திருக்கிறேனே! கைது, புரிதல், பயம் மூன்றும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்தன? யாராவது சொல்லுங்களேன்.

வேர்நோக்கி:

லத்தீனில் 'பிரெஹெண்டெரே' என்றொரு வினை. கையால் பற்றுதல். குரங்கு வாலால் கிளையைப் பற்றுகிறதே, அந்த வாலை ஆங்கிலத்தில் பிரிஹென்சைல் என்பார்கள். அதே சொல்தான். இதற்கு முன்னால் 'அட்' என்ற ஒட்டு சேர்ந்தால் ஒன்றை நோக்கிக் கையை நீட்டிப் பற்றுதல், அது அப்ரிஹெண்ட். 'காம்' சேர்ந்தால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பிடியில் அடக்குதல், அது காம்ப்ரிஹெண்ட். சிறையைக் குறிக்கும் பிரிசன் இந்தக் குடும்பம்தான், பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. தொழில் பழகுகிறவரைக் குறிக்கும் அப்ரெண்டிஸும் இதே குடும்பம்தான். பிரெஞ்சில் 'அப்ராந்த்ர்' என்றால் கற்றல். சிறைக்கும் கற்றலுக்கும் ஒரே வேர். சர்ப்ரைஸ்கூட இங்கிருந்து வந்ததே. முதலில் அது எதிரி எதிர்பாராத நேரத்தில் மேலே வந்து விழுவது.

பலரும் தலைகீழாக நினைக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆளைப் பிடிப்பதுதான் பழைய பொருள், கருத்தைப் பிடிப்பது பிறகு வந்த உருவகம் என்று தோன்றும். லத்தீனில் அப்படித்தான். ஆங்கிலத்துக்குள் அப்ரிஹெண்ட் நுழைந்த வரிசை வேறு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது 'மனத்தால் பற்று' என்றே வந்தது. சட்டத்தின் பெயரால் ஆளைப் பிடிப்பது என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வருகிறது. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை போலீஸுக்கு முன்னால் மாணவன் வந்துவிட்டான்.

மழைக்காகம் கேட்ட பயம் மூன்றாவதாக, 1600ஐ ஒட்டி வருகிறது. மனம் முன்னோக்கிக் கையை நீட்டுகிறது. இன்னும் வராததை இப்போதே பற்றிக்கொள்கிறது. வரப்போவது நல்லதாக இல்லாவிட்டால் அந்தப் பற்றலே கலக்கம். அதனால்தான் அப்ரிஹென்சிவ் என்ற பெயரடை இன்று கிட்டத்தட்ட முழுக்க அச்சத்துக்கே போய்விட்டது. மிஸ்அப்ரிஹென்ஷன் மட்டும் புரிதலின் பக்கமே நின்றுவிட்டது: தவறான புரிதல். தவறான ஆளைப் பிடித்தால் அதை அப்படிச் சொல்வதில்லை.

இன்னொரு பெரிய குடும்பம் 'காபெரே'. எடுத்தல், பிடித்தல். கேப்சர், கேப்டிவ் (கைதி), கேப்டிவேட் (மனத்தைக் கவர்தல்) ஒரு பக்கம். கான்செப்ட் (கருத்து), பெர்சீவ் (உணர்ந்தறிதல்) மறுபக்கம். ஏமாற்றுவதைக் குறிக்கும் டிசீவும் இதில் உண்டு, வலைக்குள் சிக்கவைப்பது என்ற எண்ணத்தில். கேட்ச், சேஸ் இரண்டும் ஒட்டிப் பிறந்த சகோதரர்கள். ஒரே லத்தீன் சொல் பிரெஞ்சின் இரண்டு வட்டார வழக்குகள் வழியாக வந்து, ஒன்று துரத்துவதாகவும் மற்றது பிடிப்பதாகவும் பிரிந்துவிட்டது. வரைவாளர் ஐயா 'கேட்ச் என்றால் ஓட்டம் வேண்டும்' என்றாரே, அந்த ஓட்டம் சொல்லின் ரத்தத்திலேயே இருக்கிறது.

கரும்பலகை:

வேர்நோக்கி சொல்வதெல்லாம் சுவையாக இருக்கிறது. ஆனால் ஆங்கிலம் கற்பிக்கிறவளாக எனக்கு ஒரு தயக்கம். வேரைத் தெரிந்துகொண்டு சொல்லைப் பயன்படுத்தப் போனால் தடுக்கி விழுவோம். காம்ப்ரிஹென்சிவ் என்ற சொல்லைப் பாருங்கள். காம்ப்ரிஹெண்ட் என்றால் புரிதல், ஆகவே இது 'நன்றாகப் புரியக்கூடியது' என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். அது 'எல்லாவற்றையும் உள்ளடக்கிய, விரிவான' என்ற பொருள். புரியக்கூடியதற்கு காம்ப்ரிஹென்சிபிள். நான் வகுப்பில் வேரைச் சொல்வதில்லை, வாக்கியத்தைச் சொல்கிறேன்.

புரிதல் பக்கத்தை வழக்கிலிருந்தே பார்ப்போம். தினப்பேச்சில் மூன்று: கேட்ச், கெட், கிராஸ்ப். ஒருவர் பெயரைச் சொன்னார், சத்தத்தில் காதில் சரியாக விழவில்லை. 'ஐ டிடின்ட் கேட்ச் யுவர் நேம்.' இங்கே கேட்ச் காதோடு நிற்கிறது. பெயரில் புரிய என்ன இருக்கிறது? ஒரு நகைச்சுவை சொன்னார், ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது, சிரிப்பு வரவில்லை. 'ஐ டிடின்ட் கெட் இட்.' இங்கே கெட் மனத்துக்குப் போகிறது. இரண்டையும் மாற்றிப் போட்டால் எதிரில் இருப்பவர் வேறு வேலை செய்வார். கேட்ச் ஆகவில்லை என்றால் அதையே உரக்கத் திருப்பிச் சொல்வார். கெட் ஆகவில்லை என்றால் விளக்குவார். மாணவர்களுக்கு இதை நடித்தே காட்டுவேன். பிறகு மறப்பதில்லை.

கிராஸ்ப் கொஞ்சம் முயற்சி கேட்கும். கடினமான கோட்பாடு, நிலைமையின் தீவிரம், இப்படி. ஒரு நகைச்சுவையை கிராஸ்ப் செய்தேன் என்றால் கேட்கவே விநோதமாக இருக்கும். காம்ப்ரிஹெண்ட் எழுத்து நடை. பேச்சில் அது பெரும்பாலும் எதிர்மறையில்தான் வருகிறது: 'அவன் ஏன் இப்படிச் செய்தான் என்று என்னால் காம்ப்ரிஹெண்ட் செய்யவே முடியவில்லை.' முழுதாகச் சுற்றி வளைக்க முடியவில்லை என்பது அங்கே தொனிக்கிறது.

இனி கேப்சர். இதில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஒரு கருத்தை கேப்சர் செய்வது புரிந்துகொள்வதல்ல, அதை வெளியே கொண்டுவந்து நிறுத்துவது. புகைப்படம் ஒரு கணத்தை கேப்சர் செய்யும். ஒரு வாக்கியம் ஒரு மனநிலையை கேப்சர் செய்யும். கிராஸ்ப் செய்கிறவர் வாசகர், கேப்சர் செய்கிறவர் எழுதியவர்.

வேர்நோக்கி:

கரும்பலகை டீச்சர், நீங்கள் காட்டிய எடுத்துக்காட்டே என் பக்கம்தான் நிற்கிறது. காம்ப்ரிஹென்சிவ் ஏன் 'விரிவான' ஆனது? 'எல்லாவற்றையும் ஒரே பிடியில் அடக்குதல்' என்பதால்தான். வேரை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் மாணவன் குழம்ப மாட்டான். பாதியில் நிறுத்தினால்தான் குழப்பம்.

அரெஸ்ட் பற்றிய கேள்விக்கும் வேரில்தான் விடை. அந்தச் சொல்லில் கையே இல்லை. லத்தீனின் 'ரெஸ்டாரே', நின்றுவிடுதல். அதனால்தான் இதயம் நின்றால் கார்டியாக் அரெஸ்ட். நிறுத்துவதால் எதுவும் நம் கைக்குள் வந்துவிடாது, ஆகவே கருத்தை அரெஸ்ட் செய்து புரிந்துகொள்ள முடியாது. ஆனால் திசையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு முகம், ஒரு ஓவியம் நம்மை நிறுத்திவிடலாம். அதற்கு அரெஸ்டிங் என்றே பெயரடை இருக்கிறது. கிரிப்பிங், கேப்டிவேட்டிங் எல்லாமே அந்தத் திசைதான். அங்கே கைதி நாம்.

மறதியையும் இதில் சேர்க்கலாம். ஃபர்கெட் என்பதில் உள்ள கெட் பிடித்தல்தான். கைநழுவ விடுவதே மறத்தல்.

கரும்பலகை:

அரெஸ்டுக்கு நீங்கள் சொன்னது நன்றாக இருக்கிறது, வகுப்பில் சொல்லலாம். காம்ப்ரிஹென்சிவ் விஷயத்தில் இன்னும் எனக்கு உடன்பாடில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு லத்தீன் ஒட்டு எதற்கு?

நாடகமேடை:

இரண்டு பேர் வாதத்துக்கும் சாட்சி சொல்ல ஷேக்ஸ்பியர் இருக்கிறார். 'மச் அடூ அபவுட் நத்திங்' நாடகத்தின் 3ஆம் அங்கம், 5ஆம் காட்சி. டாக்பெரி என்கிற காவலர், ஆளுநரிடம் வந்து, எங்கள் ரோந்துக்காரர்கள் இரண்டு பேரை 'காம்ப்ரிஹெண்ட்' செய்துவிட்டார்கள் என்று அறிவிக்கிறார். சொல்ல வந்தது அப்ரிஹெண்ட். பெரிய சொல்லைப் பேச ஆசைப்பட்டு அக்கா தங்கையை மாற்றிப் பிடித்துவிட்டார். கதையில் அந்த இடம் வேடிக்கையை விட ஆழமானது. கேடு செய்தவர்களை ரோந்துக்காரர்கள் பிடித்துவிட்டார்கள், ஆனால் பிடித்தது என்ன விஷயம் என்பதை டாக்பெரியால் எடுத்துச் சொல்ல முடியவில்லை. ஆளுநருக்கோ அவசரம், கேட்டுப் பொறுக்கவில்லை. ஆள் அகப்பட்டும் செய்தி அகப்படாததால்தான் அடுத்த காட்சியில் ஒரு பெண்ணின் திருமணம் மேடையிலேயே உடைகிறது.

'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தின் 5ஆம் அங்கத்திலும் இதே இரட்டைச் சொற்களை அவர் எதிரெதிரே நிறுத்துகிறார். காதலரும் பித்தரும் அப்ரிஹெண்ட் செய்வது, நிதானமான அறிவு காம்ப்ரிஹெண்ட் செய்வதைவிட அதிகம் என்று தீசியஸ் பேசுகிறார். எட்டித் தொடுவது வேறு, முழுதாக அடக்குவது வேறு என்பது பார்வையாளருக்குத் தெரிந்தால்தான் அந்த வரி நிற்கும்.

ஏட்டுச்சுவடி:

எட்டித் தொடுவதும் அடக்குவதும் என்றதும் எனக்கு ஜீனோவின் கை நினைவுக்கு வந்தது. ஸ்டோயிக் தத்துவத்தைத் தொடங்கிய கிரேக்கர். அறிவு எப்படி உண்டாகிறது என்பதை வெறும் கையால் காட்டுவாராம். ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதிவைத்திருக்கிறார்.

முதலில் விரல்களை விரித்து உள்ளங்கையை நீட்டுவார்: இது தோற்றம், கண்ணிலும் காதிலும் வந்து படுவது. பிறகு விரல்களைக் கொஞ்சம் மடக்குவார்: இது ஒப்புதல். அப்புறம் முழுக்க மடக்கி முஷ்டியாக்குவார்: இது பற்றுதல். கடைசியில் இடக்கையைக் கொண்டுவந்து அந்த முஷ்டியை இறுக்கிப் பிடிப்பார்: இதுதான் அறிவு, இது ஞானிக்கு மட்டுமே வாய்க்கும் என்பார். நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். மூன்றாவது நிலையில் முஷ்டியை யாராவது பிரித்துவிடலாம் என்று கைக்கே தெரியும். நான்காவதில் அப்படியில்லை.

மூன்றாவது நிலைக்கு கிரேக்கத்தில் 'கடாலெப்சிஸ்' என்று பெயர். அதை லத்தீனில் எழுத சிசரோ தேர்ந்தெடுத்த சொல்தான் 'காம்ப்ரிஹென்சியோ'. ஆக, புரிதலுக்குக் கையைக் கொண்டுவந்தது யாரோ பேச்சுவாக்கில் செய்ததல்ல, தெரிந்தே செய்த தேர்வு. ஜெர்மன்காரர்களும் கருத்தை 'பெக்ரிஃப்' என்கிறார்கள், பற்றப்பட்டது. அதே கிரேக்க வேரின் இன்னொரு கிளை நோயின் பக்கம் போனது. எபிலெப்ஸி என்றால் மேலே வந்து பிடித்துக்கொள்வது. ஆங்கிலத்தில் வலிப்பை சீஷர் என்பதும் இதே எண்ணம்தான்.

மழைக்காகம்:

கிரேக்கம், ஜெர்மன் வரை போய்விட்டீர்கள், நம் சொல்லை விட்டுவிட்டீர்களே! 'சூட்சுமம் பிடிபட்டுடுச்சு' என்கிறோம். ஒருத்தர் மழுப்பிப் பேசினால் 'பிடிகொடுக்காம பேசுறான்' என்கிறோம். கருத்துக்கு ஒரு கைப்பிடி இருக்கிறது, அதை அவன் நீட்டவில்லை என்றுதானே அர்த்தம்? இதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் சொல்ல எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வேர்நோக்கி கேப்சர், கேப்டிவேட் என்றாரே, அதற்கு இணை 'கவர்'. பகைவர் ஆநிரை கவர்ந்தார்கள், அவள் என் மனத்தைக் கவர்ந்தாள். கவர்ச்சி அங்கிருந்து வந்ததுதான். இன்னும் ஒருபடி மேலே, 'எனக்கு அவனைப் பிடிக்கும்' என்கிறோம். பிடித்தலே விருப்பமாகிவிட்டது. கிரகித்தலும் சமஸ்கிருதத்தில் பற்றுதல்தான். சூரியனைப் பிடித்தால் கிரகணம், பாடத்தைப் பிடித்தால் கிரகிப்பு.

வரைவாளர்:

அருமை. கைது என்ற சொல்லிலும் கை இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள், அது அப்படியில்லை. 'கைது', 'கைதி' இரண்டும் அரபியில் விலங்கு, கட்டு என்ற பொருளுள்ள 'கைத்' என்பதிலிருந்து வந்தவை. அரெஸ்டிலும் கை இல்லை, கைதிலும் கை இல்லை. 'கருத்தைக் கைது செய்தேன்' என்று தமிழிலும் யாரும் சொல்வதில்லை, கவனியுங்கள்.

ஏட்டுச்சுவடி:

மொழிபெயர்ப்பாளரான சொல்தேடிக்கு ஒன்று காட்ட வேண்டும். யோவான் நற்செய்தி 1ஆம் அதிகாரம், 5ஆம் வசனம். ஒளி இருளில் பிரகாசிக்கிறது, இருள் அதை என்ன செய்யவில்லை? கிரேக்க மூலத்தில் இருப்பது கடாலெப்சிஸ் பிறந்த அதே வினை. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பதிப்பு காம்ப்ரிஹெண்ட் என்று போட்டது. படிக்கிறவருக்கு 'இருள் ஒளியைப் புரிந்துகொள்ளவில்லை' என்று படுகிறது. பிற்காலப் பதிப்புகள் பல ஓவர்கம் என்கின்றன: 'இருள் ஒளியை வெல்லவில்லை'. ஆங்கிலம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டிய கட்டாயம். பழைய தமிழ் வேதாகமத்தில் 'இருளானது அதைப் பற்றிக்கொள்ளவில்லை' என்று இருக்கிறது. புரியவில்லை, பிடித்து அடக்கவும் முடியவில்லை, இரண்டும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. எத்தனை பேர் எத்தனை ராத்திரி உட்கார்ந்து யோசித்த சொல்லோ, எனக்கு அதை வாசிக்கும்போதெல்லாம் கும்பிடத் தோன்றும்.

சொல்தேடி:

எல்லோருக்கும் மிகுந்த நன்றி. என் கையெழுத்துப் பிரதியில் நிற்கும் மூன்று வரிகளைத் தருகிறேன்.

ஒன்று: 'இரண்டு நாள் தேடி மலையடிவாரத்தில் அவனைப் பிடித்தார்கள். அவன் எதிர்க்கவில்லை.' இரண்டு: 'அவள் சொன்னது காதில் விழுந்தது, மனசில் பிடிபடவில்லை.' மூன்று: 'விசாரிக்கணும்னு பிடிச்சிட்டுப் போனாங்க' என்று தாய் சொல்வது.

வரைவாளர்:

முதல் வரி யார் குரல்? கதைசொல்லி என்றால் கேட்ச் போதும். தேடலின் ஓட்டம் அதில் வந்துவிடும். காவல் நிலையக் குறிப்பாக வருகிறது என்றால் அப்ரிஹெண்ட். கேப்சர் வேண்டாம். ஆட்தேடலுக்குப் பிறகு செய்திகளில் அதை எழுதுவார்கள்தான், ஆனால் 'எதிர்க்கவில்லை' என்ற அடுத்த வாக்கியத்தின் அமைதியை அது கெடுத்துவிடும்.

கரும்பலகை:

இரண்டாவதற்கு கேட்ச், டேக் இன் இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள்: அவள் சொற்களைக் கேட்ச் செய்தான், டேக் இன் செய்ய முடியவில்லை. கெட் போட்டால் புதிர் விளங்காதது போல ஆகிவிடும். உங்கள் வரியில் இருப்பது அதிர்ச்சி.

மூன்றாவதற்கும் அதே டேக் இன்தான் கைகொடுக்கும். விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போவதை ஆங்கிலப் பேச்சில் அப்படியே சொல்வார்கள், தாயின் வாய்க்கும் பொருந்தும். அரெஸ்ட் என்ற சொல்லை அந்த அம்மாள் வாயில் வைக்காதீர்கள். மகனைக் கைது செய்துவிட்டார்கள் என்று அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். டேக் இன் என்பதற்கு ஏமாற்றுதல் என்ற பொருளும் உண்டு. செயப்பாட்டில் எழுதி, பக்கத்தில் 'போலீஸால்' என்று சேர்த்தால், போலீஸ் அவனை ஏமாற்றிவிட்டது என்றும் வாசிக்க இடமாகிவிடும். செய்வினையில் வைத்து, 'விசாரணைக்கு' என்பதை விடாமல் சேர்த்துவிடுங்கள்.